மவுஸை எங்கள் கையிலேயே விட்ட பயிற்சி: மூத்த ஆசிரியர்களுக்கான டிஜிட்டல் வகுப்பு எப்படி இருந்தது?

மதிப்பெண்ணை முதலிலேயே போட்டுவிடுகிறேன், காரணங்கள் அப்புறம். ஐந்துக்கு மூன்றரை. பயிற்சியாளர் நேரில் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த பகுதிக்கு முழுசாக ஐந்து. வீட்டில் நாங்களே பார்த்து முடிக்க வேண்டிய வீடியோ பகுதிக்கு ஒன்றரை. கூட்டி இரண்டால் வகுத்தால் மூன்றேகால்தான் வரும். மீதிக் கால், பாஸ் மார்க்குக்குப் பக்கத்தில் தத்தளிக்கும் பிள்ளைக்குப் போடுவது போல, அந்தப் பயிற்சியாளரின் பொறுமைக்காகப் போட்டது.

பல வருடம் பாடம் நடத்தித் தேறிய ஆசிரியர்களுக்கென்றே ஒரு நிறுவனம் நடத்தும் டிஜிட்டல் பயிற்சி இது. ஒரு பருவம் முழுக்க நடந்தது. வாரத்துக்கு ஒரு நாள் பயிற்சியாளர் பள்ளிக்கே வருவார். மற்ற நாட்களில் அவர்கள் தளத்தில் இருக்கும் வீடியோக்களைப் பார்த்து, வினாடி வினாவுக்குப் பதில் சொல்லி, பேட்ஜ் வாங்க வேண்டும். கடைசியில் ஒரு சான்றிதழ். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. ஒரே ஒரு குழுவில் எனக்குக் கிடைத்த அனுபவத்தை வைத்து ஒரு பெயரைத் தூக்கவும் வேண்டாம், தாழ்த்தவும் வேண்டாம். தவிர, இதே அச்சில் வார்த்த பயிற்சிகள் வேறு வேறு பெயர்களில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. உங்கள் பள்ளிக்கு ஒன்று வந்தால் எதைப் பார்த்துச் சேர்வது, எதைக் கேட்டு வாங்குவது என்று முடிவெடுக்க இது உதவினால் போதும்.

நான் கணக்கு டீச்சர். ஓய்வுக்கு அதிக வருடம் மிச்சமில்லை. எங்களைப் போன்றவர்களுக்குக் கம்ப்யூட்டர் என்றாலே பயம் என்று ஒரு பேச்சு உண்டு. பாதிதான் உண்மை. ஃபோனில் வீடியோ கால் பேசுகிறோம், பணம் அனுப்புகிறோம், டிக்கெட் போடுகிறோம். கருவியைப் பார்த்துப் பயம் இல்லை. ஒரு வகுப்பே பார்த்துக்கொண்டிருக்கும்போது ஏதோ ஒரு பட்டனைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டிவருமே, அதுதான் பயம். சாக்பீஸோடு நிற்கும்போது எந்தப் பையன் எந்த வரியில் தடுக்கி விழுவான் என்று தெரிந்த ஆள், புரொஜெக்டர் முன்னால் வந்ததும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளுக்குப் போய்விடுகிறார். வருடக்கணக்கில் சேர்த்த மரியாதையை ஒரு பீரியடில் பணயம் வைக்க யாருக்கு மனசு வரும்? இதைப் புரிந்துகொண்டு அமைத்த பயிற்சியா இல்லையா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

தொடக்க நாளில் அப்படித் தெரியவில்லை. நிறுவனத்திலிருந்து வந்த ஒருவர் ஸ்லைடு போட்டு, பிள்ளைகளெல்லாம் டிஜிட்டல் உலகின் பூர்வகுடிகள், நீங்களெல்லாம் குடியேறியவர்கள் என்று ஆரம்பித்தார். மார்க் பிரென்ஸ்கி 2001-இல் எழுதிய கட்டுரையால் பரவிய பிரிவினை இது. கேட்க அழகாக இருக்கும். ஆனால் ஆராய்ச்சியாளர்கள் பலர் இதை எப்போதோ கேள்வி கேட்டுவிட்டார்கள். எட்டாம் வகுப்பு மாணவர்களின் கணினித் திறனைப் பல நாடுகளில் சோதிக்கும் ஐசிஐஎல்எஸ் ஆய்வின் 2018 சுற்றில், மிக உயர்ந்த நிலையை எட்டியவர்கள் 2 சதவீதம் பேர்தான். கையில் கருவி இருப்பதாலேயே திறமை வந்துவிடாது என்று அந்த ஆய்வறிக்கையே சொல்கிறது. என் வகுப்பிலும் அதைத்தான் பார்க்கிறேன். வீடியோ வெட்டி ஒட்டிப் பாட்டு சேர்க்கத் தெரிந்த பெண்ணுக்கு, மின்னஞ்சலில் ஒரு கோப்பை இணைத்து அனுப்பத் தெரியவில்லை. ஸ்லைடு ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்வரிசையிலிருந்து வேதியியல் சார், "அப்ப நாங்க விசா எடுத்துட்டு வரணுமா?" என்றார். சிரிப்பு அடங்குவதற்குள் ஸ்லைடு மாறிவிட்டது.

அன்றைக்குக் காட்டியதில் ஒன்று மட்டும் உருப்படி. ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையம் 2017-இல் ஆசிரியர்களுக்காக வெளியிட்ட டிஜிட்டல் திறன் வரைவு. ஆறு பிரிவு, 22 திறன். மொழித் தேர்வுகளில் இருப்பது மாதிரி அடிமட்டமான ஏ1 முதல் உச்சமான சி2 வரை படிநிலை. அதை எடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். ஆறு பிரிவில் எதற்கும் ‘மென்பொருள் இயக்குதல்’ என்று தலைப்பு இல்லை. பாடம் நடத்துவது, மதிப்பிடுவது, வளங்களைத் தேர்ந்தெடுப்பது, சக ஆசிரியர்களோடு வேலை செய்வது, இப்படித்தான் போகிறது. அதாவது நாங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலைதான் அடித்தளம். ஸ்லைடு போட்டவர் அதைச் சொல்லாமல், எல்லோரும் தங்களுக்குத் தாங்களே மதிப்பெண் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு படிவம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தன்னைப் பற்றி உயர்வாக நினைப்பவர்கள் உயர்வாகப் போட்டுக்கொண்டார்கள். எங்களில் உண்மையிலேயே நன்றாகச் செய்யக்கூடிய இயற்பியல் டீச்சர் தனக்கு ஏ1 போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் பயிற்சியாளர் வந்தார். சின்ன வயதுப் பெண். ஐந்தாறு பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் எங்களுக்கு அமைந்தார். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் மவுஸைத் தொடவே மாட்டார். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, கை பின்னால் கட்டியிருக்கும். "டீச்சர், மேல வலது மூலை பாருங்க. இல்ல, இன்னும் கொஞ்சம் மேல. ஆமா, அதேதான், நீங்களே அழுத்துங்க." இதைப் படிக்கும்போது பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் இதுவரை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லோரும், வீட்டில் பிள்ளைகள் உட்பட, "கொடுங்க, நான் பண்ணித் தரேன்" என்று பிடுங்கி, மூன்று நொடியில் ஏதோ செய்துவிட்டு, "அவ்ளோதான், ஈஸி" என்று சொல்லிப் போனவர்கள். வேலை முடிந்துவிடும், ஒன்றும் கற்றுக்கொண்டிருக்க மாட்டோம். தானே போட்டுக் காட்டிய கணக்கைப் பையன் புரிந்துகொண்டான் என்று எந்தக் கணக்கு டீச்சரும் நம்ப மாட்டார். அந்தப் பெண்ணுக்கு இது யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது.

முதல் நாள் அவர் எந்தச் செயலியும் காட்டவில்லை. டவுன்லோடு செய்த கோப்பு எங்கே போகிறது என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. இதுதான் எங்கள் எல்லோருக்கும் பொதுவான ஓட்டை என்று அன்றைக்குத்தான் வெளியே வந்தது. ஃபோனில் எல்லாம் செயலிக்குள்ளேயே இருந்துவிடுவதால், கோப்பு என்ற ஒன்று ஓர் இடத்தில் இருக்கிறது, அதற்குப் பெயர் உண்டு, அதை நகர்த்தலாம் என்பதே மறந்துபோகிறது. வரலாறு எடுக்கும் டீச்சர் ஒரே வினாத்தாளைத் திரும்பத் திரும்ப டவுன்லோடு செய்து, அடைப்புக்குறிக்குள் எண் போட்ட பிரதிகளாக ஒரு பட்டாளமே சேர்த்து வைத்திருந்தார். எது கடைசியாகத் திருத்தியது என்று அவருக்கே தெரியாது. அன்று முழுக்க ஃபோல்டர், பெயர் வைப்பது, பழையதை அழிப்பது, பகிர்ந்த கோப்பில் யார் திருத்தலாம் யார் பார்க்க மட்டும் செய்யலாம் என்று வைப்பது, இவ்வளவுதான். சலிப்பான வேலை. ஆனால் அதற்கு அப்புறம் வந்த எல்லாமே இதன் மேல்தான் நின்றது. பளபளப்பான செயலிகளோடு தொடங்கும் பயிற்சிகள் பாதியில் படுத்துவிடுவது இந்த இடத்தைத் தாண்டிக் குதித்து ஓடுவதால்தான் என்பது என் எண்ணம்.

இரண்டாவது வாரம் எங்களிடம் ஒரே ஒரு கேள்வி. உங்கள் பாடத்தில் எவ்வளவு நன்றாக நடத்தினாலும் பிள்ளைகளுக்குப் பிடிபடாத இடம் எது? நான் யோசிக்கவே இல்லை. இருபடிச் சார்பின் வளைவரை. கிண்ணம் மாதிரி இருக்கும், பரவளையம் என்போம். அதன் சமன்பாடு y = ax² + bx + c, அதில் ஏ, பி, சி என்று மூன்று எண் வரும். ஏ மாறினால் கிண்ணம் குறுகும், விரியும், கவிழும். சி மாறினால் மேலே கீழே நகரும். நடுவில் இருக்கும் பி மாறினால்? பலகையில் ஒன்றன்மேல் ஒன்றாக வளைவரை போட்டுக் காட்டுவேன், கலர் சாக்பீஸ் தீரும், பிள்ளைகள் "பக்கவாட்டில் நகரும் டீச்சர்" என்பார்கள். இல்லை என்பேன். எழுதிக்கொள்வார்கள். அடுத்த பரீட்சையில் மறுபடி பக்கவாட்டில் நகர்த்துவார்கள்.

பயிற்சியாளர் ஜியோஜீப்ராவைத் திறக்கச் சொன்னார். மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் என்பவர் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வாக 2001-இல் தொடங்கிய, சமன்பாட்டைத் தட்டினால் வரைபடம் போட்டுக் காட்டும் கணித மென்பொருள் அது. ஆசிரியர்களும் மாணவர்களும் இலவசமாகப் பயன்படுத்தலாம். சமன்பாட்டை அப்படியே தட்டினேன். மூன்று எண்ணுக்கும், இழுத்து மதிப்பை மாற்றும் மூன்று ஸ்லைடர் வந்து நின்றது. பி-யைப் பிடித்து மெல்ல இழுத்தேன். வளைவரை பக்கவாட்டில் போகவில்லை. ஊஞ்சல் வீசுவது மாதிரியும் இல்லை, வேறு ஏதோ ஒரு பாதையில் இறங்கி ஏறியது. இதுவரை பயிற்சியாளர் உதவினார். இதற்கு மேல் நான் போனேன். கிண்ணம் திரும்பும் இடமான உச்சிப் புள்ளியின் ஆயத்தொலைவுகள் எனக்கு மனப்பாடம். அதை ஒரு புள்ளியாகத் தட்டி, ‘தடம் காட்டு’ என்ற வசதியைப் போட்டு, மறுபடி பி-யை இழுத்தேன். உச்சி நகர்ந்த வழியெல்லாம் புள்ளி புள்ளியாக விழுந்து, திரையில் இன்னொரு பரவளையம் உருவானது. அதே அளவு, ஆனால் தலைகீழ். அதன் உச்சி, முதல் வளைவரை செங்குத்து அச்சை எந்த இடத்தில் வெட்டுகிறதோ அங்கேயே, அதாவது சி-யின் உயரத்தில்.

இயற்கணிதமாக இது எனக்குத் தெரியும். நிரூபிக்கச் சொன்னால் இரண்டு வரியில் நிரூபிப்பேன். ஆனால் இத்தனை வருடத்தில் அது நகர்ந்து நான் பார்த்ததில்லை. பயிற்சியாளர், "டீச்சர், இது எனக்கே தெரியாதே, ஏன் அப்படி வருது?" என்று கேட்டார். நான் பலகைக்குப் போய் எழுதிக் காட்டினேன். இந்தப் பயிற்சிக்கு நான் கொடுத்த ஐந்தில் பெரும்பங்கு அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான். கருவி அவருக்குத் தெரியும், அதில் என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இரண்டில் எது இல்லாவிட்டாலும் அந்தத் தலைகீழ்ப் பரவளையம் திரைக்கு வந்திருக்காது. மிஷ்ராவும் கோலரும் 2006-இல் மூன்று வட்டம் போட்டு விளக்கிய கோட்பாடு இதைத்தான் சொல்கிறது. பாட அறிவு, கற்பிக்கும் முறை, தொழில்நுட்பம், மூன்றும் வெட்டிக்கொள்ளும் நடுப்பகுதியில்தான் வேலை நடக்கிறது என்று. தளத்தில் அந்த மூன்று வட்டத்துக்கு நீளமான ஒரு வீடியோ வைத்திருக்கிறார்கள். நான் பார்த்து முடித்தேன். ஸ்லைடரை இழுத்தபோது புரிந்ததில் பாதிகூட அதில் புரியவில்லை.

அதை வகுப்பில் செய்து காட்டிய நாளில் நான் எதுவும் சொல்லவில்லை. பி-யை இழுத்தால் எங்கே போகும் என்று முதலில் நோட்டில் எழுதச் சொன்னேன், அப்புறம் இழுத்தேன். சத்தம் பக்கத்து வகுப்பு வரை போனது. ஒரு பையன் ஏ-யைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோகச் சொன்னான். கிண்ணம் நிமிர்ந்து நேர்கோடாகிவிட்டது, என் உச்சிப் புள்ளி காணாமல் போய்விட்டது. ஏன் என்று அவர்களே சண்டை போட்டுக் கண்டுபிடித்தார்கள். பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது என்று நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்த விஷயம். தாமஸ் கஸ்கி என்பவர் 1986-இல் ஆசிரியர் பயிற்சி பற்றி எழுதியதை இங்கே சொல்ல வேண்டும். முதலில் ஆசிரியரின் மனதை மாற்றிவிட்டால் அவர் வகுப்பை மாற்றுவார் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நடப்பது தலைகீழ். வகுப்பில் ஒன்றைச் செய்து பார்த்து, பிள்ளைகளிடம் பலன் தெரிந்த பிறகுதான் ஆசிரியரின் நம்பிக்கை மாறுகிறது என்றார் அவர். விசா கேட்ட வேதியியல் சார் அடுத்த வாரம் தானாக முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்ததற்கு வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

இணையத்தில் கேள்விப் படிவம் தயாரித்து அனுப்பும் கூகுள் ஃபார்ம்ஸ் பகுதியும் நன்றாகவே அமைந்தது. படிவம் உருவாக்குவது எப்படி என்று எந்த வீடியோவும் சொல்லிவிடும். இங்கே வேறு மாதிரி நடந்தது. சரியான விடையைக் கடைசியில் எழுதுங்கள், பிள்ளைகள் வழக்கமாகப் போடும் தப்பு விடைகளை முதலில் எழுதுங்கள் என்றார் பயிற்சியாளர். இதற்கு எங்களிடம் ஆயுள் சேமிப்பு இருக்கிறது. அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு. 0.35, 0.4 இரண்டில் 0.35-தான் பெரியது, ஏனென்றால் 35 நாலைவிடப் பெரிசு. ஏ கூட்டல் பி முழுவதற்கும் வர்க்கம் என்றால் தனித்தனி வர்க்கம், நடுவில் எதுவும் கிடையாது. ஒவ்வொரு தப்புக்கும் பின்னால் ஒரு தவறான எண்ணம் இருக்கும், அது எது என்று எங்களுக்குத் தெரியும். அதையெல்லாம் விருப்பத் தெரிவுகளாகப் போட்டு அனுப்பினால், எந்தத் தப்பில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று படிவமே வரைபடம் போட்டுக் காட்டிவிடுகிறது. திருத்திக்கொண்டு உட்கார வேண்டாம், மறுநாள் எதில் தொடங்குவது என்று இரவே தெரிந்துவிடும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் எங்களைவிட வேகமாகப் படிவம் போடுவார்கள். ஆனால் அவர்களுடைய தப்பு விடைகளைப் பாருங்கள், ஒரு பிள்ளையும் அதில் விழாது. இந்த ஒரு பயிற்சியில்தான் எங்கள் அனுபவத்துக்கு ஒரு விலை உண்டு என்று எங்கள் குழுவில் எல்லோருக்கும் உறைத்தது.

செய்தியை நம்புவதா வேண்டாமா என்று சோதிக்கும் பகுதியை வரலாறு டீச்சர்தான் அதிகம் ரசித்தார், முதலில் கோபப்பட்டவரும் அவர்தான். ஒரு தளத்தைக் காட்டி நம்பகமானதா என்று கேட்டார்கள். இவர் முறையாக மேலிருந்து கீழ் வரை படித்தார், அமைப்பைப் பற்றிய பக்கத்தைப் படித்தார், மேற்கோள்கள் இருக்கின்றனவா என்று பார்த்தார், நம்பலாம் என்றார். அது ஒரு குழு தன் லாபத்துக்காக நடத்தும் தளம். அப்போதுதான் பயிற்சியாளர் ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னார். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்கள் 10 பேர், தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள் 10 பேர், இளநிலை மாணவர்கள் 25 பேர். வரலாற்றாசிரியர்களும் மாணவர்களும் பக்கத்தின் தோற்றத்தைப் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் அந்தப் பக்கத்தில் தங்கவே இல்லை. சில நொடியில் வேறு டேப்களைத் திறந்து, இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டார்கள். ஊன்றிப் படி என்றுதான் காலமெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம். இணையத்தில் முதலில் விலகிப் பார், அப்புறம் ஊன்றிப் படி. வரலாறு டீச்சர் அன்றிலிருந்து எங்கள் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவுக்கு வரும் ஃபார்வர்டுகளையெல்லாம் படத்தேடலில் போட்டுத் துவைத்துக் காயப்போடுகிறார். குழுவில் காலை வணக்கம் தவிர வேறு எதுவும் அனுப்ப இப்போது ஆளுக்கு ஆள் யோசிக்கிறார்கள்.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

வீடியோக்கள். எல்லாம் பேச்சு, வேகமான பேச்சு, பின்னால் இசை. சொல்பவரின் மவுஸ் எங்கே போகிறது என்று பார்ப்பதற்குள் அடுத்த திரை வந்துவிடும். நிறுத்தி, பின்னால் போய், மறுபடி ஓட்டிப் பார்த்தால் அவர் காட்டும் பட்டன் என் திரையில் அந்த இடத்தில் இல்லை. வீடியோ எடுத்த பிறகு அந்தச் செயலியின் முகப்பு மாறிவிட்டது. இது எல்லாச் செயலிக்கும் நடப்பதுதான். அதனால்தான் பட்டன் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொடுக்காமல், அந்த மாதிரி வசதி பொதுவாக எங்கே ஒளிந்திருக்கும், எப்படித் தேடுவது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். நேரில் வந்தவர் அதைச் செய்தார், வீடியோ செய்யவில்லை.

வினாடி வினா இன்னும் மோசம். ‘பின்வருவனவற்றுள் மேகக் கணிமைக்கு எடுத்துக்காட்டு எது’ என்ற ரகம். விடையைத் தப்பாகப் போட்டால் தப்பு என்று மட்டும் வரும், ஏன் என்று வராது. சரியாகும் வரை அழுத்திக்கொண்டே இருந்தால் பேட்ஜ் கிடைத்துவிடும். எங்களில் ஒருவர் ஒரு வீடியோகூடப் பார்க்காமல் எல்லா பேட்ஜும் வாங்கினார். அவர் யார் என்று சொல்ல மாட்டேன், மூத்தவர்.

பாதுகாப்பு பற்றிய பகுதி பழசு. கடவுச்சொல்லை மாதம் ஒருமுறை மாற்று, சின்ன எழுத்து, பெரிய எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து வை என்று இன்னும் பாடம் எடுக்கிறார்கள். அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017-இலேயே இந்த வழக்கத்தை விடச் சொல்லிவிட்டது. காலக் கணக்கு வைத்துக் கட்டாயமாக மாற்ற வைக்காதே, கசிந்ததற்கு அடையாளம் இருந்தால் மாற்றச் சொல், விதவிதமான குறிகளைவிட நீளம் முக்கியம் என்றது. காரணம் எங்கள் ஆசிரியர் அறையிலேயே இருக்கிறது. மாதம்தோறும் மாற்றச் சொன்னால் ஆட்கள் கடைசி எண்ணை ஒன்று கூட்டுவார்கள், அல்லது தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டுவார்கள். நாலைந்து சம்பந்தமில்லாத சொற்களைச் சேர்த்து நீளமாக ஒன்று, அதோடு இரண்டடுக்குச் சரிபார்ப்பு, பொதுக் கம்ப்யூட்டரில் வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறுவது. எங்களுக்குத் தேவை இந்த மூன்றும்தான். மூன்றாவது, பள்ளியில் அன்றாடம் நடக்கும் ஆபத்து. அதற்கு வீடியோவில் ஒரு வரிகூட இல்லை.

அப்புறம் எழுத்துரு. தமிழ் ஐயாவிடம் பழைய எழுத்துருவில் அடித்த வினாத்தாள்கள் வருடக்கணக்கில் இருக்கின்றன. ஒட்டினால் புரியாத குறிகளாக வந்து விழும். எல்லாக் கருவியிலும் படிக்க முடிகிற பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன, மாற்றிவிட்டால் தேடலாம், பகிரலாம், ஃபோனிலும் படிக்கலாம். மூத்த ஆசிரியர்களின் உழைப்பில் பெரும்பகுதி இப்படிப் பூட்டிக் கிடக்கிறது. பயிற்சியின் பாடத்திட்டத்தை எழுதியவருக்கு இப்படி ஒரு சிக்கல் இருப்பதே தெரியவில்லை. நான் போய்த் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். ஐயா இப்போது குரல் தட்டச்சும் பழகிவிட்டார். அவர் உச்சரிப்புக்கு ழகரம் ஒன்றுகூடப் பிசகுவதில்லை, எங்களுக்குத்தான் பிசகுகிறது.

செயற்கை நுண்ணறிவுக்குக் கடைசியில் ஒரே ஒரு வாரம் ஒதுக்கியிருந்தார்கள். சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பரில். யுனெஸ்கோ 2024-இல் ஆசிரியர்களுக்கான ஏஐ திறன் வரைவே வெளியிட்டுவிட்டது. ஒரு வாரம் எந்த மூலைக்கு? இருந்தாலும் நேர் வகுப்பில் கொடுத்த பயிற்சி எனக்குப் பிடித்தது. வயது தொடர்பான வாக்கியக் கணக்குகள் சில எழுதித் தரும்படி ஒரு ஏஐ செயலியிடம் கேட்கச் சொன்னார்கள். நடை அருமையாக இருந்தது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் தம்பியின் வயது குறை எண்ணாக வந்தது. அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோனேன், இந்தக் கணக்கில் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். நன்றாக ஓடியது. மாணவர்களின் பெயர், மதிப்பெண், வீட்டு விவரம் எதையும் அதில் தட்டக் கூடாது என்று பயிற்சியாளர் திரும்பத் திரும்பச் சொன்னார், அது நல்லது. வீட்டுப்பாடத்தை ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிக்கும் கருவிகளைப் பற்றி வீடியோவில் பெருமையாகச் சொன்னது அவ்வளவு நல்லதில்லை. ஓப்பன்ஏஐ நிறுவனமே தான் வெளியிட்ட கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஒரு பிள்ளையைத் திருடன் என்று சொல்ல அப்படி ஒரு கருவியின் பேச்சு போதாது. பிள்ளையைக் கூப்பிட்டு, இந்த மூன்றாவது படி எப்படி வந்தது என்று கேளுங்கள், தெரிந்துவிடும்.

பெரிய குறை, பருவம் முடிந்ததும் எல்லாம் நின்றுவிடுகிறது. சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தது. தளத்தில் நுழையும் அனுமதி கொஞ்ச நாளில் முடிந்தது. கேள்வி கேட்க ஆள் இல்லை. நியாயமாகப் பார்த்தால் அதற்கு அப்புறம்தான் கேள்விகளே வரும். நாங்களாக ஒன்று செய்தோம். வாரம் ஒரு பீரியட், யாராவது ஒருவர் தன் வகுப்பில் செய்ததைக் காட்டுவார், மற்றவர்கள் அதைத் தங்கள் பாடத்துக்கு மாற்றுவார்கள். மவுஸைத் தொடக்கூடாது என்ற விதி அப்படியே தொடர்கிறது. இந்த ஒரு பீரியடைக் கால அட்டவணையில் எழுதி வாங்கியதுதான் கஷ்டம். பள்ளி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். முடியாது என்றோம்.

உங்கள் பள்ளிக்கு இப்படி ஒரு சேவை வந்தால், பாடத்திட்டத்தின் நீளத்தைப் பார்க்காதீர்கள். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை ஆசிரியர்கள், அவர் நேரில் வருவாரா, எங்கள் சொந்தப் பாடத்தை எடுத்து வேலை செய்வோமா, முடிந்த பிறகு யாரைக் கூப்பிடுவது, இவற்றைக் கேளுங்கள். நாற்பது பேரை ஒரே அறையில் உட்கார வைத்து ஒரே நாளில் முடித்துவிடுகிறோம் என்றால் அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே ஜியோஜீப்ராவும் ஃபார்ம்ஸும் சரளமாகப் பயன்படுத்துபவர்களுக்கு இதில் புதிதாக அதிகம் இல்லை, செய்தி சரிபார்க்கும் பகுதி மட்டும் பார்க்கலாம். கணக்கு, அறிவியல் எடுப்பவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் கிடைக்கும், ஏனென்றால் கருவிகள் அங்கேதான் அதிகம். உடற்கல்வி சார் மூன்றாவது வாரமே வருவதை நிறுத்திவிட்டார், அவருக்கென்று அவர்களிடம் எதுவும் இல்லை.

அடுத்த பருவம் மற்ற ஆசிரியர்களுக்கு இதே நிறுவனத்தைக் கூப்பிடலாமா என்று தலைமை ஆசிரியர் என்னிடம் கேட்டார். அதே பயிற்சியாளர் வருவதாக இருந்தால் கூப்பிடுங்கள், வீடியோ வேண்டாம், அந்த நேரத்தையும் நேர் வகுப்பாகக் கொடுக்கச் சொல்லுங்கள் என்றேன். இரண்டையும் பிரித்துத் தர முடியாது என்கிறார்களாம். பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.